நான் வெட்டிய கடைசிப் பக்கம்

போன வருடம் மாசி மாதம், மூன்றாம் தேதி. காரைக்கால் டவுனில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். டிபன் டப்பாவைத் திறந்து முதல் வாய் சாம்பார் சாதம் எடுத்திருப்பேன், போன் சிணுங்கியது. வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி. “அக்கா, அந்தப் படத்த ஒடனே எடுத்துடுங்க.” அனுப்பியவரைத் திரும்பக் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். அன்றைக்கு அந்தச் சாதத்தை அப்படியே மூடி வைத்தவள்தான், வீட்டுக்கு வந்து நாய்க்குப் போட்டேன்.

என்ன படம், யார் அந்தத் தங்கை என்று சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது கோவில்பத்து. கணவருக்கு நிலக்கரி இறங்கும் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் வேலை. சட்டைக் காலரில் கரித்தூளோடு வருவார். எனக்கு ஒரு தனியார் அலுவலகத்தில் டைப்பிங் வேலை. இதற்கு நடுவில் இணையத்தில் ஒரு சின்ன இலக்கிய இதழ் நடத்துகிறேன். தமிழ் மாதப் பிறப்பன்று வெளிவரும். ஆசிரியர், பிழை திருத்துபவர், படம் போடுபவர், கூட்டிப் பெருக்குபவர் எல்லாம் நானே. வாசகர்களையெல்லாம் ஒன்றாகக் கூப்பிட்டு உட்கார வைத்தால் கல்யாண மண்டபத்தில் முன்வரிசை நிரம்பும். அவர்களிலும் பாதிப் பேர் எழுதுகிறவர்கள்தான். “ஊருக்கு உழைக்கிறியே, வீட்டுக்கு ஒரு ரசம் வையேன்” என்பது என் கணவரின் நிரந்தரக் கிண்டல்.

எழுதுகிறவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் இதில் பெரிய வேலை. கையால் எழுதி அனுப்புவார்கள், நான் டைப் செய்வேன். எழுத வரவில்லை என்று சோர்ந்து போனால் போன் போட்டுப் பேசுவேன். சிலருக்கு அவர்கள் எழுதுவதைப் படிக்கும் முதல் ஆளும் கடைசி ஆளும் நான்தான். அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு, ஒளிப்பானேன்.

அந்தத் தங்கை எங்கள் இதழுக்கு வந்ததே ஒரு சண்டையில்தான். யாரோ எழுதிய கடல் கதைக்குக் கீழே, “இப்படி வல இழுத்தா கை அறுந்துடும். எழுதுனவர் கடலப் பாத்திருக்காரா?” என்று கேட்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் ரோஷமும் சேர்ந்து வந்தது. அப்படியானால் நீங்களே எழுதுங்களேன் என்று பதில் போட்டேன். பத்து நாள் கழித்து, மகளின் பழைய நோட்டில் மிச்சமிருந்த தாள்களில் எழுதி, ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து அனுப்பினார். படித்துவிட்டு நான் அடுப்பில் பாலை வைத்ததையே மறந்துபோனேன். அவ்வளவு நல்ல எழுத்து.

எங்கள் பக்கத்துக் கடற்கரையில் ஒரு மீனவ ஊர் அவருடையது. பெயர் சொல்ல மாட்டேன். கணவர் சொந்தப் படகில் தொழிலுக்குப் போகிறவர். புனைபெயரில்தான் எழுதுவேன், ஊர் பெயரும் வரக் கூடாது, வீட்டுக்காரருக்கே தெரியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். “தெரிஞ்சா வம்பாயிடும்க்கா” என்றார். நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. போனில் மட்டும் மணிக்கணக்கில் பேசுவோம்.

அந்த மாசி இதழுக்கு அவர் அனுப்பிய கதை இது. மீனவ ஊர்களில் ஒரு சாவு விழுந்தால், அடக்கம் முடியும்வரை எந்தப் படகும் கடலுக்குப் போகாது. ஊர்க்கட்டு அது. கதையில் ஒருவன் வீட்டு வறுமையால் அந்தக் கட்டை மீறி, எல்லோரும் சாவு வீட்டில் இருக்கும்போது தனியாகப் படகெடுத்துப் போய்விடுகிறான். நிறைய மீன் படுகிறது. திரும்பி வரும்போது கரையில் மனைவி நின்று பார்க்கிறாள். அதோடு நான் முடித்துவிட்டேன்.

ஆமாம், நான்தான் முடித்தேன். அவர் எழுதியதில் இன்னும் ஒரு பக்கம் இருந்தது. எனக்கோ கதை பூடகமாக முடிந்தால்தான் இலக்கியம் என்று ஒரு நினைப்பு. துடிக்கும் மீனும் பேசாமல் நிற்கும் மனைவியும் போதும், மீதியெல்லாம் விளக்கவுரை என்று கடைசிப் பக்கத்தைத் தூக்கிவிட்டேன். வெட்டிய பிறகு கதை பளிச்சென்று இருப்பதாக எனக்கு நானே சபாஷ் வேறு போட்டுக்கொண்டேன்.

அடுத்து படம். இணைய இதழில் ஒவ்வொரு கதைக்கும் மேலே ஒரு படம் வைக்க வேண்டும். அதற்கு முந்தின மாதம் அவர், “படகுக்குப் புது பெயிண்ட் அடிச்சோம்க்கா” என்று ஆசையாக ஒரு படம் அனுப்பியிருந்தார். கிளிப்பச்சையில் சிவப்புக் கோடு, அவ்வளவு அழகு. அதையே வைத்தேன். நான் ஒன்றும் அசடு இல்லை. படகின் பெயரும் பதிவு எண்ணும் தெரியாதபடி கவனமாக வெட்டி, மூக்குப் பகுதியை மட்டும்தான் போட்டேன்.

வெளியிடும் முன் எழுதியவருக்கு ஒரு தடவை காட்டிவிடுவது என் வழக்கம். அந்த மாதம் அதையும் செய்யவில்லை. மாதப் பிறப்புக்குள் வந்தாக வேண்டும் என்ற அவசரம். வந்ததும் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்ற ஆசை வேறு.

சரி, சாப்பாட்டு நேரத்துக்கு வருகிறேன். செய்தி வந்ததும் படத்தை எடுத்துவிட்டேன். அவசரத்தில் இரண்டு தடவை வேறு எதையோ அழுத்தினேன். ஆனால் எடுத்து என்ன பிரயோஜனம்? வாட்ஸ்அப்பில் ஒரு கதையின் சுட்டியை அனுப்பினால் படமும் கூடவே போய்விடும். போனது போனதுதான். நம் இதழை நாலு பேர் பகிர மாட்டார்களா என்று மூன்று வருடமாக ஏங்கியவள் நான். அன்றைக்குப் பகிர்ந்த ஒவ்வொருவர் மேலும் எனக்கு எரிச்சல் வந்தது.

சாயங்காலம்வரை இருபது தடவையாவது கூப்பிட்டிருப்பேன். ஸ்விட்ச் ஆஃப், ஸ்விட்ச் ஆஃப். வீட்டுக்காரர் அடித்திருப்பாரோ, போனைப் பிடுங்கி உடைத்திருப்பாரோ, இவர் ஏதாவது செய்துகொண்டாரோ என்று மனசு போகாத இடம் இல்லை. டைப் செய்ய வேண்டிய கடிதத்தில் தேதியையே தப்பாக அடித்து மேலாளரிடம் திட்டு வாங்கினேன்.

ஐந்து மணிக்கு ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு. ஆண் குரல்.

“ஏங்க, இந்தப் போன்ல கதை போடுறவங்க நீங்கதானா? எங்க படகு படம் ஒங்களுக்கு எப்படிங்க வந்துச்சு?”

இதழின் பக்கத்தில் என் எண் இருக்கிறது, அதைப் பார்த்துப் பேசுகிறார். அந்தத் தங்கையின் கணவர். அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை, அழாத குறையாகப் பேசினார். ஐப்பசியில் அவர்கள் ஊரில் ஒருவர் உடம்பு முடியாமல் இறந்திருக்கிறார். அடக்கத்துக்கு நின்றவர்கள் கண்ணில், தூரத்தில் கடலில் ஒரு படகு பட்டிருக்கிறது. கட்டை மீறிப் போனது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஊருக்குள் அந்தப் புகைச்சல் இருந்துகொண்டே இருந்திருக்கிறது. இப்போது வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் எங்கள் கதையைப் பார்த்து, “நம்ம ஊர் படகு மாதிரி இருக்கே” என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

“அன்னைக்கி நான் புள்ளைக்கி காய்ச்சல்னு ஆஸ்பத்திரில கெடந்தேங்க. சாவுக்கு வந்து நிக்கல. அதனால நாந்தான் போனேன்னு சொல்றாங்க. படகை எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. நாளைக்கி நாலு மணிக்குப் பஞ்சாயத்து. யாருங்க இத எழுதுனது? அத மட்டும் சொல்லுங்க.”

அவருக்குத் தெரியவில்லை! எழுதியது தன் மனைவி என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை. பெயரைச் சொன்னால் அந்தத் தங்கை மாட்டிக்கொள்வார். சொல்லாவிட்டால் படகு கரையில் கிடக்கும், செய்யாத குற்றத்துக்கு அந்த வீடே தலைகுனியும். “பாத்துச் சொல்றேங்க” என்று ஏதோ உளறினேன். அவர் போனை வைத்துவிட்டார்.

ராத்திரி என் கணவர் கிண்டல் எதுவும் செய்யவில்லை. அதிலேயே எனக்குப் பயம் கூடிப்போனது. “நீ அங்க போகாத. போய் நின்னா, யாரு எழுதுனதுன்னு நீயே காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் வெட்டியது நான், படம் போட்டது நான். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. படத்தை நானே மீன்பிடித் துறைமுகத்தில் எடுத்ததாகவும், கதையை நானே எழுதியதாகவும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பொய்தான். வேறு வழி தெரியவில்லை.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு ஸ்கூட்டியில் கிளம்பினேன். வழியெல்லாம் கரி லாரிகள். ஒவ்வொரு லாரிக்கும் ஒதுங்கி நிற்கும்போது, இப்படியே திரும்பிவிடலாமா என்று தோன்றும்.

கோயில் பக்கத்துக் கூடத்தில் ஊர் கூடியிருந்தது. ஆண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் மதிலோரம் நின்றார்கள். நான் இன்னார் என்று சொன்னதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆனாலும் ஒருவர் எழுந்து போய் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார், இன்னொருவர் டீ கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மதிலோரம் நின்ற பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். இவர்களில் யார் அவர்? குரல் எனக்கு அவ்வளவு பழக்கம், முகம் தெரியாது. எல்லோரும் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படத்தைப் பற்றிக் கேட்டார்கள். மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்தபோது நான்தான் எடுத்தேன், யார் படகு என்று தெரியாது, பெயரும் நம்பரும்கூட வெளியே தெரியாமல்தான் போட்டேன் என்றேன்.

பஞ்சாயத்துத் தலைவர் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். பொறுமையாகத்தான் பேசினார். “நம்பர வெட்டிட்டிங்க, சரி. மூக்குல அந்த ஒட்டு தெரியுதேம்மா. போன வருசம் கல்லுல மோதி ஒட்டுனது. எங்களுக்குப் படகோட நம்பரு எதுக்கு? மொகத்தப் பாத்தா தெரியாதா?”

நான் வயல்காட்டுக் குடும்பத்தில் பிறந்தவள். படகுக்கு முகம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு மனுஷருடைய பெயரை மறைத்துவிட்டு, முகத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன் என்பது அந்த இடத்தில்தான் உறைத்தது.

“கதைய யாரு எழுதுனது?”

“நான்தான்” என்றேன்.

தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்படியா. அப்ப ஒண்ணு கேக்குறேன். கதையில கார்த்திக மாசம்னு வருது. அவன் வலைய விட்டதும் தண்ணி எந்தப் பக்கம் இழுக்கும்? வடக்கயா, தெக்கயா?”

எனக்குத் திசையே மறந்துவிட்டது. “மேற்கே” என்றேன்.

கூடமே சிரித்தது. “மேக்கயா! அப்ப படகு நேரா நம்ம ஊருக்குள்ளல்ல வரும்!” என்று யாரோ சொல்ல, பெண்கள் பக்கமும் சிரிப்பு. எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. கதை என்னுடையது இல்லை என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இனி அடுத்த கேள்வி என்னவென்றும் எனக்குத் தெரியும்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மதிலோரமிருந்து ஒரு குரல் வந்தது.

“தெக்க. கார்த்திகையில தெக்கதான் இழுக்கும். அது நான் எழுதுனது.”

அந்தக் குரலை எனக்குத் தெரியும். ஒல்லியாக, என் தோளுயரம்கூட இல்லாத ஒரு பெண் முன்னால் வந்தார். ஆண்கள் பக்கம் ஒருவர் சட்டென்று எழுந்தார், அவரையே பார்த்தார், பிறகு மெல்ல உட்கார்ந்துவிட்டார். அவர்தான் கணவர் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்தத் தங்கை கணவரையும் பார்க்கவில்லை, தலைவரையும் பார்க்கவில்லை. நேராக என்னிடம் கேட்டார். “அக்கா, கடைசிப் பக்கத்த ஏன் எடுத்திங்க? அது இருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காதே.”

இத்தனை பேர் முன்னால் நான் என்ன சொல்வது, பூடகம் என்றா? “தப்புதாம்மா” என்றேன்.

“ஒங்க போன்ல இருக்கும்ல. வாசிங்க.”

அவர் படமெடுத்து அனுப்பிய பக்கம் என் போனில் இருந்தது. கோடு போட்ட நோட்டுத் தாள், ஓரத்தில் அவர் மகள் வரைந்த ஒரு பூ. எழுந்து நின்று வாசித்தேன். அதில் அந்த மீனவன் ஒரு மீனைக்கூட விற்பதில்லை. ஈரத் துணியோடு நேராகச் சாவு வீட்டுக்குப் போகிறான். எல்லோர் முன்னாலும், “நான் தொழிலுக்குப் போயிட்டேன்” என்கிறான். ஊரே கொதிக்கிறது. இறந்தவரின் மனைவி மட்டும் தலையைத் தூக்கி அவனைப் பார்த்து, “இன்னைக்கி கடல் எப்படி இருந்துச்சு?” என்று கேட்கிறாள். தன் புருஷன் தினமும் வந்து சொல்வதை, இன்று இவனாவது சொல்லட்டும் என்று. அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறான். அத்தோடு கதை முடிகிறது.

வாசித்து முடித்ததும் நானே அழுதுவிட்டேன். இதை விளக்கவுரை என்று தூக்கி எறிந்தவள் நான்.

தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இதுல தப்பு பண்ணவன் அவனே வந்து சொல்லிட்டான். நம்ம ஊர்ல யாரும் வந்து சொல்லலையே. அப்ப இது நம்ம ஊரு கதை இல்ல” என்றார். “படகை எடுத்துக்கப்பா.” எனக்கும் ஒரு உத்தரவு போட்டார்: படம் இருக்கக் கூடாது, கதை முழுசாக இருக்க வேண்டும்.

எல்லோரும் எழப்போகும்போது, மதிலோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பேசினார். ஐப்பசியில் இறந்தாரே, அவருடைய மனைவி. “எங்கிட்ட வந்து அப்படி யாரும் நிக்கல” என்றார். “நின்னிருந்தா நானும் அதத்தான் கேட்டிருப்பேன்.” அவ்வளவுதான் சொன்னார்.

ஸ்கூட்டியை எடுக்கும்போது அந்தத் தங்கை பக்கத்தில் வந்து நின்றார். எவ்வளவோ பேசியிருக்கிறோம், நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. “லாரி வரும், பாத்துப் போங்கக்கா” என்றார்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அன்று மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் போனை அவரேதான் அணைத்து வைத்தார், வீட்டுக்காரர் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதெல்லாம் பிற்பாடுதான் தெரிந்தது. முழுக் கதையையும் ஏற்றினேன், படம் இருந்த இடத்தை வெறுமையாக விட்டேன். ஒரு நல்ல எழுத்துக்காரரை நானே தொலைத்துவிட்டேன் என்ற கவலை என்னை அரித்துக்கொண்டே இருந்தது. அவரைக் கூப்பிடலாமா என்று போனை எடுப்பேன், வைத்துவிடுவேன். பங்குனி இதழும் வந்து போனது.

சித்திரையில் ஒரு காலை, நான் அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரம், அவரே கூப்பிட்டார். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை.

“அக்கா, நேத்து ஒருத்தரு அந்தம்மா வீட்டு வாசல்ல போயி நின்னாரு. ‘அன்னைக்கி நாந்தான் போனேன்’னாரு.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த அம்மா என்ன செய்தார் என்று கேட்டேன்.

“உள்ள கூப்புட்டு ஒக்கார வச்சாங்க. ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தாங்க.”

யார் அது என்று வாய் வரை வந்துவிட்டது. நான் கேட்பதற்கு முன்பே, “பேரு வேணாம்க்கா” என்றார். பிறகு, புதுக் கதை ஒன்று எழுதியிருப்பதாகவும், ஒரு எழுத்தை எடுப்பதாக இருந்தாலும் தன்னிடம் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். சரி என்றேன். சந்தோஷத்தில் பஸ் ஸ்டாப் தாண்டி வெகுதூரம் போய்விட்டுத்தான், ஹெல்மெட் போடவில்லை என்பதே ஞாபகம் வந்தது.

இப்போதெல்லாம் எந்தக் கதையானாலும் படத்தோடு எழுதியவருக்கு அனுப்பி, போனில் முழுக்க வாசித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் ஏற்றுகிறேன். இதழ் சில மாதம் இரண்டு நாள் தாமதமாகவும் வருகிறது. பழக்கதோஷம், கடைசிப் பத்திக்கு வந்ததும் வெட்டலாமே என்று கை இன்னமும் போகத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் பெயர் தெரியாத அந்த மனிதர் ஞாபகத்துக்கு வருவார். நான் வெட்டியது வெட்டியபடியே கிடந்திருந்தால், அவர் அந்த வாசலுக்குப் போயே இருக்க மாட்டார் என்று நினைத்துக் கையை எடுத்துவிடுகிறேன்.